முழுகாமல் இருப்பது தொடர்பாக

மலை முகாம்
ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி இங்கே உயிரோடும் சளியோடும் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? கால் வீக்கம் குறைந்ததா? மாமாவின் லாரி இப்போது எந்தச் சாலையில் நிற்கிறது?

இங்கே போன் எடுக்காது. மாவும் மண்ணெண்ணெயும் கொண்டுவருகிற ஜீப்தான் எங்களுக்குத் தபால்காரன். கடிதம் தாமதமானால் நான் மலையிலிருந்து உருண்டுவிட்டதாக நினைத்து அழுதுவைக்காதே. ஜீப் பஞ்சராகியிருக்கும்.

என்ன வேலை என்று கேட்டாயே. பல்லி பிடிக்கிறேன். சிரிக்காதே. இது நம் வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டு விளக்குப் பூச்சி தின்கிற ஜாதி இல்லை. மரமே முளைக்காத உயரத்தில், பாறை வெடிப்புகளில் குடியிருக்கிற பல்லி. பாறை நிறம். அசையாமல் கிடந்தால் மூக்கை வைத்துப் பார்த்தாலும் தெரியாது. தூண்டில் கம்பு நுனியில் நூலால் சுருக்குப் போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு அதன் கழுத்தில் மாட்ட வேண்டும். அளந்து, முதுகில் ஒரு சாயப் பொட்டு வைத்து, எடுத்த பாறையிலேயே விட்டுவிட வேண்டும். எங்கள் தலைவி பல்லியைப் படித்தே பட்டம் வாங்கியவர். டாக்டரம்மா என்கிறோம். ஊசி போடத் தெரியாத டாக்டர்.

மலையை உடைத்துச் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். அதற்கு முன்னால் பாறையில் என்ன உயிர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லிச் சட்டம். அதனால்தான் சாலைக் கம்பெனி எங்களுக்குச் சோறு போடுகிறது. பல்லிமேல் பாசம் எல்லாம் கிடையாது.

ஆண் பல்லி விடிந்ததும் பாறை உச்சியில் ஏறித் தண்டால் எடுக்கிறது. நிஜமாகத்தான் அக்கா. முன்னங்காலை ஊன்றி ஏறி இறங்கி, 'இது என் இடம்' என்று எல்லோருக்கும் காட்டுகிறது. வேறு ஒரு வேலையும் செய்வதாகத் தெரியவில்லை. பார்க்கும்போதெல்லாம் உங்கள் ஆலை சூப்பர்வைசர் விசில்தான் ஞாபகம் வருகிறான். போன வருஷம் நான் அங்கே லோடிங்கில் இருந்தபோது அவன் சட்டையைப் பிடித்ததற்கு எனக்கு இன்னும் வருத்தம் இல்லை. என்னை வெளியே அனுப்பிய கையோடு உன்னைப் பாய்லர் பக்கத்து மேசைக்கு மாற்றினானே, அதுதான் ஆறவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

பாறைமேல் குப்புறப் படுத்தபடி,
உன் தம்பி வெடி

*

வீடு
ஏப்ரல் 29

என் அருமை வெடிக்கு,

உன் சளி ஒட்டிக்கொள்ளுமோ என்று கடிதத்தைத் தள்ளிப் பிடித்தே படித்தேன். இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். கால் அப்படியேதான். நாள் முழுக்க நிற்கிற கால் வீங்காமல் என்ன செய்யும்? மாமா நேற்று வந்தார், தூங்கினார், லாரியைக் கழுவினார், போய்விட்டார். லாரிக்குக் கிடைக்கிற குளியல் எனக்குக் கிடைப்பதில்லை என்று சொன்னேன். சாயப் பட்டறைக்கு ஆலையில் புது மோட்டார் வைத்ததிலிருந்து தெருக் குழாய் இருமுகிறது, தண்ணீர் வருவதில்லை.

இஸ்திரிப் பிரிவில் எல்லோரும் உன்னை விசாரித்தார்கள். பக்கத்து மேசை ரேடியோவிடம் நீ பல்லி பிடிக்கிறாய் என்று சொன்னது என் தவறு. மதியச் சாப்பாட்டுக்குள் ஆலை முழுக்கத் தெரிந்துவிட்டது. "உன் தம்பி இங்க பிடிச்சது மட்டும் என்னவாம்? அதுவும் பல்லிதான்" என்று விசிலின் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள்.

ஆண் தண்டால் எடுப்பது இருக்கட்டும். பெண் பல்லி என்ன செய்யும்? அதை எழுதவே இல்லையே. வெயிலில் சும்மா படுத்திருக்குமா? யாரும் விசில் ஊத மாட்டார்களா? அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்துச் சொல்.

இப்போதெல்லாம் சாயத் துணியில் ஆவி பட்டதும் எழும் வாடை தொண்டைவரை வந்துவிடுகிறது. இத்தனை வருஷம் தெரியாத வாடை. வேறு ஒன்றும் இல்லை.

கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொள். காதை மூடாமல் திரியாதே.

அன்புடன்,
அக்கா

*

மலை முகாம்
மே 14

அன்புள்ள இஸ்திரி மகாராணிக்கு,

சளி போய்விட்டது. மூக்குத் தோல் உரிகிறது. பனி வெயில் அப்படி. உனக்கு ஆகாத வாடைக்கு வாயில் துணி கட்டிக்கொண்டு வேலை பார். விசில் கேட்டால் அவன் வாயையும் கட்டு.

பெண் பல்லியைக் கேட்டாய். கேட்டதே நல்லதாகப் போயிற்று. நானும் டாக்டரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கீழே இருக்கிற பல்லிகள் மண்ணில் முட்டை இட்டுவிட்டுப் போய்விடும். இந்த உயரத்தில் மண் சில்லென்று கிடக்கிறது, முட்டை பொரியாது. அதனால் இவள் முட்டையை வெளியே விடுவதே இல்லை. வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வெயில் எங்கே நகர்கிறதோ அங்கே தானும் நகர்ந்து நகர்ந்து சூடு பிடித்துக் கொடுக்கிறாள். கோடை முடியும்போது குட்டியாகவே போடுவாள். சோம்பேறி மாதிரித்தான் தெரியும். உண்மையில் அவள் படுத்திருப்பதுதான் வேலை.

ஒருத்தி இருக்கிறாள், குண்டம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். வயிறு கனத்ததால் ஓட முடிவதில்லை. வெடிப்பைவிட்டு ஒரு முழம்கூடத் தள்ளி வருவதில்லை. ஆபத்து என்றால் வெடிப்புக்குள் நுழைந்து, மூச்சை இழுத்து உடம்பை ஊதிக்கொள்வாள். பிறகு யார் இழுத்தாலும் வர மாட்டாள்.

இனிமேல்தான் சங்கதி. சினைப் பல்லியைத் தொட்டாலோ விரட்டினாலோ குட்டி தங்காதாம். அதனால் குட்டி போட்டு முடிக்கும்வரை அந்தப் பாறைச் சரிவில் வெடி வைக்கக் கூடாது, துளை போடக் கூடாது என்று உத்தரவு வாங்கிவிட்டார் டாக்டரம்மா. அத்தனை பெரிய இயந்திரங்களும் நிற்கின்றன அக்கா, ஒரு பல்லி வெயில் காய்வதற்காக!

ஆனால் துளை போடுகிற ஆட்கள் என்னை அடிக்காத குறை. அவர்கள் தினக்கூலி. "பல்லிக்குப் பிரசவ லீவு, எங்களுக்குப் பட்டினியா? நீ கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றார் மேஸ்திரி. கம்பெனி அவர்களைக் கீழ்ச் சரிவுக்கு மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. கோபம் தன்மேல் வராமல் பல்லிமேல் போகட்டும் என்று விட்டுவிட்டது.

நீ சாப்பிடுகிறாயா? எழுது.

வெடி

*

வீடு
மே 25

என் அருமைத் தம்பிக்கு,

மூக்கில் எண்ணெய் தடவு. நாங்கள் நலம்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். படுத்திருப்பதுதான் வேலை என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தைத்தான். உங்கள் டாக்டரம்மாவிடம் சொல்லி அந்த உத்தரவில் ஒரு நகல் எங்கள் ஆலைக்கும் வாங்கி அனுப்பு. இங்கே பேருக்குக்கூட உட்கார முடியாது. உட்கார்ந்தால் துணி மடிப்புக் கெட்டுவிடும் என்கிறான் விசில். உட்காருவதற்கும் மடிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று ரேடியோ கேட்டாள். வெளியே போகக் காட்ட வேண்டிய அவள் டோக்கனைப் பிடுங்கிக்கொண்டான். அன்று மாலைவரை அவளால் கழிவறைக்குப் போக முடியவில்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ என் ஒரே தம்பி, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். நான் முழுகாமல் இருக்கிறேன். நாலு மாதம் முடிந்துவிட்டது. முன்பு இரண்டு தடவை நிற்கவில்லை, உனக்கு அப்போது எழுதவில்லை. இந்தத் தடவை நிற்கும்போல இருக்கிறது. மாமாவைத் தவிர யாருக்கும் தெரியாது, நீயும் யாரிடமும் வாயைத் திறக்காதே. ஆலைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். கோபப்பட்டு அங்கிருந்து கிளம்பி வந்துவிடாதே. அந்த வேலையாவது உனக்கு நிலைக்கட்டும்.

குண்டம்மா எப்படி இருக்கிறாள்? ஒழுங்காகத் தின்கிறாளா? அவளை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

*

மலை முகாம்
ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ஆனால் உன் கடிதத்தைப் படித்து ரத்தம் கொதிக்கிறது.

நாலு மாதமா? நாலு மாதமாக ஒரு பெண் முழுகாமல் இருப்பதா? பாய்லர் பக்கத்தில் நாள் முழுக்க வியர்த்துக் கொட்டிவிட்டு வந்து? நீ இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெட்கப்பட வேண்டியவன் அந்த மோட்டார் வைத்தவன். யாருக்கும் சொல்லாதே என்று நீ கெஞ்சுகிறாய் பார், இப்படித்தான் நம்மை எல்லாம் வாயடைத்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டு தடவை தண்ணீர் நிற்கவில்லை என்றால் நம் தொட்டியின் அடியில் விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். மாமாவிடம் சொல்லிச் சிமெண்ட் பூசு. விரிசல் இருக்கும்வரை நீ எத்தனை குடம் ஊற்றினாலும் வீண்.

நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன், கிளம்பி வரவில்லை. கையை நீட்டவில்லை. சட்டப்படி ஒரு மனு எழுதி இதே ஜீப்பில் அனுப்பிவிட்டேன். உங்கள் மேனேஜருக்கு ஒன்று, குடிநீர் அலுவலகத்துக்கு ஒன்று. நகல் இதோ:

"பொருள்: என் அக்கா முழுகாமல் இருப்பது தொடர்பாக.

ஐயா, தங்கள் ஆலையின் இஸ்திரிப் பிரிவில் பல ஆண்டுகளாக உழைத்துவரும் என் அக்கா கடந்த நான்கு மாதங்களாக முழுகாமல் இருக்கிறார். இதற்கு முழுப் பொறுப்பும் தாங்களே என்பது தெருவில் உள்ள அனைவருக்கும் தெரியும். அவர் பயந்துகொண்டு வெளியே சொல்லாமல் இருக்கிறார். தாங்கள் உடனே நேரில் வந்து பார்த்து ஆவன செய்ய வேண்டும். தவறினால் விஷயம் பத்திரிகைவரை போகும்."

உன் பெயர், டோக்கன் எண், முகவரி எல்லாம் தெளிவாகப் போட்டிருக்கிறேன். தைரியமாக இரு.

குண்டம்மா நலம். நன்றாகத் தின்கிறாள்.

உன் தம்பி வெடி

*

மலை முகாம்
ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

ஜீப் இரண்டு தடவை வந்து போய்விட்டது. உன் கடிதம் இல்லை. தண்ணீர் வந்ததா? மேனேஜர் வந்து பார்த்தாரா? யாராவது மிரட்டினார்களா? ஒரு வரி எழுது. மாமாவாவது எழுதட்டும்.

குண்டம்மா காலையில் வெகுநேரம் வெளியே வரவில்லை. பயந்துவிட்டேன். மேகம் விலகியதும் வந்தாள்.

வெடி

*

வீடு
ஜூலை 5

மாப்ளே,

எனக்குக் கடிதம் எழுத வராது. லாரி ஓட்டத்தான் வரும். எழுத வேண்டிய கட்டாயம்.

உன் அக்கா படுத்திருக்கிறாள். ஜூன் நடுவில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தவளுக்கு உதிரம் பட்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்கிறார்கள். அசையாமல் படுக்க வேண்டும், அதற்கப்புறமும் நின்று வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆலைக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறோம்.

என்ன குழந்தை என்று நீ முழிப்பாய். எழுதுகிறேன், நன்றாகப் படி. முழுகாமல் இருப்பது என்றால் கர்ப்பமாக இருப்பது. நிற்கவில்லை என்றால் கலைந்துவிட்டது. தொட்டி இல்லை. சிமெண்ட் இல்லை. ஆம்பளைப் பசங்க ஹாஸ்டலில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் யார் சொல்லியிருப்பார்கள்? உன் மேல் தப்பில்லை. ஆனால் உன் மனுவைப் படித்தபோது நான் லாரிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. என் பெண்டாட்டி முழுகாமல் இருப்பதற்கு அந்த மேனேஜர் பொறுப்பாம். தெருவுக்கே தெரியுமாம்.

உன் இரண்டு கடிதத்தையும் அவளிடம் இன்னும் காட்டவில்லை. அடுத்த திங்கள் வேலைக்குப் போகிறேன் என்று நிற்கிறாள். மனு மேனேஜர் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதற்குள் எப்படியாவது அவளிடம் சொல்லிவிடுகிறேன். நீ இனி மனு ஒன்றும் எழுதாதே. அவளுக்கு மட்டும் எழுது.

மாமா

*

மலை முகாம்
ஜூலை 15

அக்கா,

எப்படி இருக்கிறாய்? அதை மட்டும் முதலில் எழுது.

மாமாவின் கடிதத்தைப் படித்துவிட்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். முழு மனுவையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்த மனுஷி சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துச் சிரித்துப் பாறையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப அவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். தெரியாது என்றேன். மழையில் சாலை சரிந்து ஜீப் வரவில்லை, நடந்தே கீழே போகிறேன் என்றேன். "போய் என்ன செய்வே? இன்னொரு மனு எழுதுவியா?" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

விரிசல் என்று எழுதினேனே. அந்த வரியை நீ படிக்கக் கூடாது. மாமாவிடமிருந்து வாங்காதே. ஏற்கெனவே படித்துவிட்டாய் என்றால், அதை எழுதியவன் ஒரு மடையன், அவனுக்குத் தொட்டிதான் தெரியும்.

இரண்டு தடவை. நான் அப்போதெல்லாம் எங்கே இருந்தேன்? நீ 'உடம்பு கொஞ்சம் சரியில்லை' என்று எழுதியிருந்தாய். நான் கிரிக்கெட் பந்து வாங்கித் தரச் சொல்லிப் பதில் எழுதினேன்.

பல்லிக்குச் சினை என்று ஒரே சொல். எல்லோருக்கும் புரிகிறது, உத்தரவு வருகிறது, இயந்திரம் நிற்கிறது. நீங்கள் மட்டும் ஏன் முழுகவில்லை, குளிக்கவில்லை, நிற்கவில்லை என்று சுற்றிச் சுற்றிப் பேசுகிறீர்கள்? ஏன் நேராகச் சொல்லக் கூடாது?

கழுதைமேல் தபால் போகிறது. இது எப்போது வரும் தெரியாது. அசையாமல் படு அக்கா. வேலை போனால் போகட்டும். நான் அனுப்புகிறேன்.

உன் தம்பி

*

வீடு
ஆகஸ்ட் 2

என் அருமை மடையனுக்கு,

நான் நலம். உள்ளே இருப்பதும் நலம். உதைக்கிறது. உன் மருமகனோ மருமகளோ, உன் ஜாதிதான்.

திங்களன்று என்ன நடந்தது என்று கேள். மாமா காலையில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து திறந்து மூடினார். பல்வலி என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மேசையில் இஸ்திரிப் பெட்டியைக்கூட நான் தொடவில்லை, அதற்குள் மேனேஜரின் மனைவி இஸ்திரிப் பிரிவுக்குள் வந்தார். ஆலைத் தபால் எல்லாம் அவர்தான் பிரிப்பார். நான் வேலைக்குத் திரும்பும் நாளுக்காகக் காத்திருந்தாராம். கையில் உன் மனு. பின்னாலேயே மேனேஜர், முகம் வெளுத்துப்போய். அவருக்குப் பின்னால் விசில்.

"யாரும்மா இது? உன் தம்பியா?"

"ஆமாங்க."

"நீ முழுகாம இருக்கறதுக்கு எங்க வீட்டுக்காரர்தான் பொறுப்புன்னு எழுதியிருக்கான். நேர்ல வந்து ஆவன செய்யணுமாம்."

ஐம்பது பெட்டியும் ஒரே நேரத்தில் நின்றது.

"சத்தியமா எனக்கு இவங்க யாருன்னே தெரியாது" என்றார் மேனேஜர். "முகத்தையே இன்னிக்குத்தான் பாக்கறேன்."

பத்து வருஷமாக நான் அந்த ஆலையில் இருக்கிறேன். அந்த ஆள் சொன்னது அப்படியே உண்மை.

"தண்ணியத்தாங்க எழுதியிருக்கான்" என்றேன். "ஹாஸ்டல்ல வளர்ந்த பையன். அர்த்தம் தெரியாது."

"அப்ப நீ முழுகாம இல்லையா?"

என்ன சொல்வேன்? இல்லை என்று சொல்லிவிடலாம். சொல்லியிருந்தால் வேலை மிஞ்சும், நின்றுகொண்டே செய்வேன், மூன்றாவது தடவையும் போகும்.

"இருக்கேங்க" என்றேன்.

விசில் உடனே முன்னால் வந்தான். "அப்ப வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடும்மா. அப்புறம் பாக்கலாம்." அவனுடைய அப்புறம் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படிப் போன யாரும் திரும்பி வந்ததில்லை. நான் பையை எடுத்தேன். அப்போதுதான் ரேடியோவுக்குச் சிரிப்பு வெடித்தது. "மேனேஜரு ஆவன செய்யணுமாம்டி!" பிரிவே சிரித்தது. மேனேஜரின் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக ரேடியோ ஒரு நூல்கண்டுப் பெட்டியை இழுத்து வந்து என் பின்னால் போட்டாள். "உட்காருடி."

உட்கார்ந்தேன். விசில் ஊதினான். யாரும் பெட்டியைக் கையில் எடுக்கவில்லை. எல்லாம் நிமிர்ந்து நின்றுகொண்டே ஆவி விட்டன. திரும்பத் திரும்ப ஊதினான். எனக்கு உன் குண்டம்மா ஞாபகம் வந்தது. மூச்சை இழுத்து உடம்பை ஊதிக்கொண்டேன். இப்போது இழுங்கள் பார்க்கலாம் என்று.

வெளியே சரக்கு லாரி ஹாரன் அடித்தது. "ஒரு ஸ்டூலக் குடுத்துத் தொலைங்க, லாரி நிக்குது" என்றார் மேனேஜரின் மனைவி.

ஸ்டூல் வந்தது. முதுகு சாய இடமில்லாத, ஒரு கால் குட்டையான ஸ்டூல். பெரிய வெற்றி என்று எங்கேயும் எழுதிவைக்காதே. பேறுகால விடுப்பைப் பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. மேனேஜருக்கு ஒரே ஒரு நிபந்தனை: நீ கைப்பட ஒரு மறுப்புக் கடிதம் எழுதி அனுப்ப வேண்டும். பீரோவில் பூட்டி வைக்கப் போகிறாராம்.

ஏன் நேராகச் சொல்வதில்லை என்று கேட்டாய். நேராகச் சொன்னால் நேராக வேலை போகும், அதனால்தான். இந்தச் சொல்லை எல்லாம் நாங்கள் வெட்கத்துக்காக வைத்திருக்கவில்லையடா. ஒளிந்துகொள்ள வைத்திருக்கிறோம். உன் பல்லிக்கு வெடிப்பு மாதிரி.

விரிசல் வரியைப் படித்தேன். அன்று ராத்திரி அழுதேன். மறுநாள் மாமா, "சிமெண்ட் எத்தனை மூட்டை வாங்கட்டும்?" என்று கேட்டார். அதற்கப்புறம் அந்த வரிக்கு அழ முடியவில்லை. நீயும் விட்டுவிடு.

காதை மூடிக்கொள்.

அக்கா

*

மலை முகாம்
செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கும் உள்ளே உதைக்கும் ஆளுக்கும்,

உன் கடிதம் வந்த நாளில் முகாமே விருந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது. மேஸ்திரிக்குப் படித்துக் காட்டினேன். நீ உட்கார்ந்த இடம் வந்ததும், "இன்னொரு தடவை படி" என்றார். அவருடைய மருமகளும் துணி ஆலையில்தான் இருக்கிறாளாம். அன்று அவர் பல்லியைத் திட்டவில்லை.

மறுப்புக் கடிதத்தை அனுப்பிவிட்டேன்:

"ஐயா, என் அக்கா முழுகாமல் இருப்பதற்குத் தாங்கள் எந்த வகையிலும் காரணம் அல்ல என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். தெருவில் தண்ணீர் வராமல் இருப்பதற்குத் தாங்களே காரணம். பேறுகால விடுப்பு தராமல் இருந்தால் அதற்கும் தாங்களே காரணம். மூன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்."

போதுமா? டாக்டரம்மா திருத்திக் கொடுத்தார். இனி அவரிடம் காட்டாமல் மனு எழுத மாட்டேன்.

குண்டம்மா குட்டி போட்டுவிட்டாள். நான் பார்த்தேன். சத்தம் இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. வெயில் விழுந்த ஒரு பலகைப் பாறை. ஒவ்வொன்றாக, தீக்குச்சி நீளத்துக்கு வந்து, மெல்லிய தோலைக் கிழித்துக்கொண்டு உடனே ஓடின. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. "அவ கோடை முழுக்கப் பாத்தாச்சு. இன்னும் என்ன பாக்கணும்?" என்றார் டாக்டரம்மா.

உத்தரவு முடிகிறது. சரிவில் வெடி வைக்கப் போகிறார்கள். பல்லிகளைப் பிடித்து மேல் பாறைகளுக்கு மாற்றுகிறோம். எல்லாவற்றையும் பிடிக்க முடியாது, அது எனக்குத் தெரியும், கம்பெனிக்கும் தெரியும், கையெழுத்து மட்டும் ஆகிவிட்டது. துளைக்காரர்களும் கூட வந்து தேடினார்கள். மேஸ்திரி தன் ஹெல்மெட்டைக் கவிழ்த்து அதில் குட்டிகளைப் போட்டுக்கொண்டு, ஒன்றுக்கும் அடிபடாமல் மேலே ஏறினார். கீழே இறங்கியதும் துளை இயந்திரத்தைக் கிளப்பினார். அவருக்கும் வீடு இருக்கிறது.

குண்டம்மாவை நானே கொண்டுபோய் விட்டேன். புது வெடிப்புக்குள் போனதும் உடம்பை ஊதிக்கொண்டாள்.

பல்லிகள் பனிக்காலத்துக்கு உள்ளே போனதும் எங்களுக்கும் வேலை முடியும். அக்டோபர் கடைசியில் கிளம்புகிறேன். அதற்குள் நீ அவசரப்படாதே.

வெடி

*

வீடு
அக்டோபர் 20

என் அருமை வெடி மாமாவுக்கு,

இனி நீதான் மாமா. வீட்டிலிருக்கிற மாமாவுக்குப் பதவி உயர்வு, அப்பா ஆகிவிட்டார். மருமகள் உனக்காகக் காத்திருக்கவில்லை, அவசரக்காரி. அழுகிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துகிறார்கள். வெடி குடும்பம் என்று தெரிகிறது. நான் நலமாக இருக்கிறேன். எழுந்து நடக்கிறேன்.

கடைசி வாரம்வரை அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் காலர் தேய்த்தேன். விடுப்பு கேட்டபோது 'பார்க்கலாம்' என்றார்கள். உன் மறுப்புக் கடிதத்தின் நகலை மேனேஜரின் மனைவி மேசையில் ரேடியோ வைத்துவிட்டு வந்தாள். விடுப்பு கிடைத்தது, முழுதாக இல்லை. மிச்சத்துக்குச் சண்டை போட இப்போது நான் தனி ஆள் இல்லை. என் ஸ்டூல் காலியாகும் என்று விசில் எதிர்பார்த்திருப்பான். நான் கிளம்பிய மறுநாளே கடைசி மேசைப் பெண் ஒருத்தி அதில் போய் உட்கார்ந்தாளாம். விசில் ஏன் என்று கேட்டானாம். "நானும் முழுகலீங்க" என்றாளாம். கல்யாணமே ஆகாத பெண். காலையில் தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லையாம், அவ்வளவுதான். பிரிவே சிரித்தது என்று ரேடியோ சொல்கிறாள். அவள் இன்னும் உட்கார்ந்தேதான் வேலை செய்கிறாள்.

குழந்தைக்குக் கொஞ்சம் மஞ்சள் பூத்திருக்கிறது. பயப்படாதே, பிறந்த குழந்தைகளுக்கு வருவதுதான், காலை இளவெயிலில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நாலாவது நாள் கூட்டி வாருங்கள் என்றார் நர்ஸ். அதனால் விடிந்ததும் இவளைத் தூக்கிக்கொண்டு வாசல் படியில் உட்காருகிறேன். வெயில் நகர நகர நானும் நகர்கிறேன். போகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். யாரும் விசில் ஊதவில்லை. இவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கையை விரித்து, என் மேல் ஒட்டிக்கொண்டு கிடக்கிறாள். நீ அளந்து, முதுகில் பொட்டு வைக்காத குறைதான்.

சீக்கிரம் வா. ஒரு வேலை இருக்கிறது. மூன்று நாளாகத் தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. துணி மலையாகக் குவிந்திருக்கிறது. இந்தத் தடவை நான் நிஜமாகவே முழுகாமல் இருக்கிறேன். மனு எழுது. பொருள் என்று போடுகிற இடத்தில் மட்டும் வார்த்தையைப் பார்த்துப் போடு.

அன்புடன்,
அக்கா